கடைசி அலகிலிருந்து புரட்டுங்கள்

கல்லூரியில் எல்லோரும் படித்தாக வேண்டிய சுற்றுச்சூழல் பாடத்துக்கு எந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது?

பி.காம். படிக்கும் மாணவியும், இயற்பியல் படிக்கும் மாணவரும், தமிழ் இலக்கியம் படிப்பவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதும் இடங்கள் நம் கல்லூரிகளில் மிகக் குறைவு. மொழிப் பாடங்களை விட்டுவிட்டால், ‘ஈ.வி.எஸ்.’ என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் சுற்றுச்சூழல் கல்விதான் அப்படி ஒரு பொது இடம். கலை அறிவியல் கல்லூரிகளில் அது பாடத்திட்டத்தின் நான்காம் பகுதியில் வருகிறது. பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரே ஒரு பருவம். பொறியியல் கல்லூரிகளில் வேறு பெயரில், கொஞ்சம் கூடுதல் கனத்தோடு வருகிறது.

இத்தனை லட்சம் பிள்ளைகள் படிக்கிற பாடத்துக்கான புத்தகம் எப்படித் தேர்வாகிறது என்று பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. எந்தத் துறையில் யாருக்கு வேலைநேரம் குறைகிறதோ அவர் கைக்கு வகுப்பு போகிறது. அவர் கணிதம் படித்தவராக இருக்கலாம், வரலாறு படித்தவராகவும் இருக்கலாம். தயாரிக்க நேரம் கிடைக்காது. பதிப்பகத்து ஆள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன மாதிரிப் பிரதிகளில், வினா வங்கி எதில் தடிமனாக இருக்கிறதோ அது வகுப்புக்கு வந்துவிடுகிறது. மாணவர்கள் அதைக்கூட வாங்குவதில்லை. தேர்வுக்கு முந்தின நாள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கும் நோட்ஸ் போதும். இரண்டு மதிப்பெண் வினா, ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று பிரித்தே இருக்கும். பாடம் பாஸ் ஆகிறது. தேர்வு முடிந்த மறுநாள் அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இது மாற வேண்டும் என்றால், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த அரை மணி நேரத்திலிருந்து மாற வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் எங்கே பார்ப்பது, எதைத் தேடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வழக்கிலிருந்து பிறந்த பாடம்

இந்தப் பாடத்தைக் கல்வியாளர்கள் கேட்டு வாங்கவில்லை. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கிலிருந்து அது வந்தது. 1991 நவம்பர் 22 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடுகள் காட்டப்பட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகள் வர வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. ஆனால் பாடம் உடனே வரவில்லை. 2003-இல் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எல்லா இளங்கலைப் படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டத்தை அனுப்பியது.

அந்தப் பாடத்திட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். எட்டு அலகுகள், ஐம்பது வகுப்புகள். இயற்கை வளங்களுக்கு எட்டு, சூழல் மண்டலங்களுக்கு ஆறு, பல்லுயிருக்கு எட்டு, மாசுபாட்டுக்கு எட்டு என்று பிரித்துப் போய், கடைசி அலகை முழுக்கக் களப்பணிக்கு ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்து ஆறோ காடோ புல்வெளியோ மலையோ போய்ப் பார்த்து ஆவணப்படுத்துவது. மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்ப்பது. அன்றாடம் கண்ணில் படும் செடிகள், பூச்சிகள், பறவைகளைத் தெரிந்துகொள்வது. ஒரு குளத்தையோ மலைச்சரிவையோ கூர்ந்து கவனிப்பது. இதற்கு ஐந்து வகுப்புகள்தான். மதிப்பெண்ணோ நூற்றுக்கு இருபத்தைந்து.

அந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் பாடநூலை யுஜிசிக்காக எழுதியவர் எராக் பரூச்சா. புனேயைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர். காட்டுயிர்கள் மீதான காதலால் சுற்றுச்சூழல் கல்விக்கு வந்தவர். அந்த நூலை யுஜிசி இலவசமாகவே தரவிறக்கிக்கொள்ள வைத்தது. பிறகு வந்த பல கைடுகளுக்கு அதுதான் மூலம். தலைப்புகளின் வரிசை அப்படியே இருக்கும். மூலத்தில் இருந்த படங்களும் நிகழ்வு விளக்கங்களும் போய்விட்டிருக்கும். களப்பணி அலகு இரண்டு பக்கமாகச் சுருங்கியிருக்கும்.

ஒரு புத்தகத்தை எடை போட அந்தக் கடைசி அலகையே முதலில் திறந்து பார்க்கச் சொல்வேன். முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிற இடம் அது. ஆசிரியர் உழைத்தாரா, வெட்டி ஒட்டினாரா என்பது அங்கே உடனே தெரிந்துவிடும்.

இரண்டு பக்கக் களப்பணி

மோசமான புத்தகத்தில் கடைசி அலகு இப்படி இருக்கும்: ‘நாங்கள் அருகிலுள்ள ஏரிக்குச் சென்றோம். அங்கே பல பறவைகளைக் கண்டோம். ஏரியில் பிளாஸ்டிக் கழிவுகள் மிதந்தன. மக்களிடையே விழிப்புணர்வு தேவை.’ எந்த ஏரி, என்ன பறவை, என்றைக்கு, கழிவு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று ஒன்றும் இருக்காது. இந்த மாதிரி அறிக்கையை மாணவர்கள் அப்படியே பெயர் மாற்றி எழுதிக்கொடுக்கலாம். எழுதியும் கொடுக்கிறார்கள். இருபத்தைந்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள்.

நல்ல புத்தகம் என்ன செய்யும்? ஒரு டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொள்வோம். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி. நீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை எண்ணாகக் காட்டும். உண்மையில் அது அளப்பது நீரின் மின்கடத்தும் தன்மையை. அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நல்ல புத்தகம் இன்னொன்றையும் சொல்லும்: இந்தக் கருவி ஈயத்தைக் காட்டாது, பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. 150 என்று காட்டுகிற நீர் வயிற்றுப்போக்கு தரலாம். 900 என்று காட்டுகிற கிணற்று நீரைத் தலைமுறைகளாகக் குடித்துவரும் ஊர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து இதே கருவியை முக்கிக் காட்டி ஆர்.ஓ. எந்திரம் விற்கிறவர் சொல்லாத விஷயம் இது. ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்காது என்று தெரிந்துகொண்ட மாணவி, தன் தெருவின் ஐந்து கிணறுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து அட்டவணை போட்டுவிடுவாள். அந்த அட்டவணையைப் பக்கத்து வீட்டுப் பையன் காப்பி அடிக்க முடியாது. அவன் வீட்டுக் கிணறு வேறு.

பறவைகளும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிவு செய்தால் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். ஈ.வி.எஸ். களப்பணிக்கு இதைவிட எளிய வழி கிடைக்காது. கைடுகள் எத்தனையோ புரட்டியாயிற்று. இதைப் பற்றி ஒரு வரி எழுதியதைப் பார்த்த நினைவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது?

கடைசி அலகு தேறிவிட்டால், அடுத்து நீர் மாசுபாடு. அங்கே திருப்பூரைத் தேடுங்கள்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிற ஆறு. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. பாசனத்துக்காகக் காத்திருந்த விவசாயிகளே அணையைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரிக்கும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பின்னலாடை நகரம் ஸ்தம்பித்தது.

பல பாடநூல்களில் இந்தக் கதையே இருக்காது. இருந்தால் ‘சாயக்கழிவு ஆற்றை மாசுபடுத்தியது’ என்ற ஒரு வரியாக இருக்கும். அந்த வரி ஏன் போதாது என்பதற்குக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். பருத்தி நூல் நீரில் நனைந்ததும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். சாயம் நூலை நெருங்க வேண்டும் என்றால் குளியலில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேலும் ஆகும். சாயம் நூலில் ஏறிக்கொள்கிறது. உப்பு எங்கும் ஏறுவதில்லை, எதுவாகவும் மாறுவதில்லை. போட்ட உப்பு முழுவதும் அலசும் நீரோடு வெளியே வருகிறது.

இனி அடுத்தது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைச் சிதைக்கிறது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னும், உப்பைத் தொடாது. அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிய பிறகும் ஆறு உப்பாகவே இருந்தது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும், சவ்வில் மிஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்ற வைக்க வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும், பெரும் முதலீடு வேண்டும். சின்னப் பட்டறைக்காரரால் தனியாகத் தாங்க முடியாத செலவு அது. வற்றவைத்த பிறகு கிடைக்கும் உப்பில் திரும்பப் பயன்படாத கலவையை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு தலைவலி.

இப்படி எழுதினால் ஒன்றரைப் பக்கம் ஆகும். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் வேதியியல் இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, விவசாயியும் பட்டறைத் தொழிலாளியும் இருக்கிறார்கள். வணிகவியல் மாணவிக்கும் அதில் பிடிமானம் கிடைக்கும். அமெரிக்காவின் லவ் கால்வாய், ஜப்பானின் மினமாட்டா மாசுச் சம்பவங்கள் கட்டாயம் படிக்க வேண்டியவைதாம். அவற்றை மூன்று பக்கம் எழுதிவிட்டு நொய்யலுக்கு ஒரு வரி ஒதுக்கும் புத்தகம் ஈரோட்டு மாணவனுக்கு எதற்கு?

பாலாறும் இதே கணக்கில் வரும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தூண்களில் ஒன்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஏன் போயின என்று வகுப்பில் கேட்க வைக்கும் புத்தகம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

பழசாகிப் போன எண்கள், பழசாகிப் போன தண்டனைகள்

ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958-இல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கையில் இருக்கும் புத்தகம் 370 என்றோ 380 என்றோ சொன்னால், அந்தப் பக்கம் 2000-களில் எழுதப்பட்டது, அட்டையில் எந்தப் பதிப்பு ஆண்டு போட்டிருந்தாலும் சரி. இன்னொரு சோதனை ராம்சர் பட்டியல். 2022-க்கு முன்பு அந்தப் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து கோடியக்கரை மட்டுமே இருந்தது. இன்று பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று இருபது இடங்கள். தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று என்று எழுதியிருக்கும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சட்டப் பகுதி இன்னும் மோசம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டுச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று மாணவர்கள் இன்றும் விடை எழுதுகிறார்கள். திருத்துகிறவர்களும் மதிப்பெண் போடுகிறார்கள். 2023-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது; இப்போது பத்தாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம் ரூபாய் வரை பண அபராதம். அதே 2023-இல் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரும் மாறியது, உள்ளடக்கமும் மாறியது. பல்லுயிர்ச் சட்டமும் திருத்தப்பட்டது. 2024-இல் நீர்ச் சட்டமும். இந்தத் திருத்தங்கள் நல்லவையா கெட்டவையா என்று வாதாடலாம். என் கருத்தில் அவை தொழிற்சாலைகளுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கின்றன. ஆனால் நாட்டில் நடப்பில் இல்லாத தண்டனையை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆய்வக முறைகளிலும் இந்தப் பழமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது பி.ஓ.டி.யை, 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்க வேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஐந்து நாள் கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஆற்றுநீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதால் அப்படி வைத்தார்கள் என்பார்கள். இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் அளக்கின்றன. நம் நீரும் வெப்பம், நம் ஆய்வகமும் வெப்பம். இந்த ஒரு வாக்கியம் சரியாக இருந்தால், ஆசிரியர் ஆய்வகத்துக்குள் கால் வைத்தவர் என்று நம்பலாம்.

எல்லோரும் நம்பும் தவறுகள்

அமேசான் காடு உலகுக்கு இருபது சதவீதம் ஆக்சிஜன் தருகிறது என்று உங்கள் கையிலுள்ள புத்தகம் சொல்கிறதா? அப்படியானால் யோசியுங்கள். முதிர்ந்த காடு ஒளிச்சேர்க்கையில் வெளியிடும் ஆக்சிஜனை, அதன் சுவாசமும் மக்கும் இலைகளும் ஏறக்குறைய முழுவதுமே எடுத்துக்கொள்கின்றன. காட்டைக் காக்க வேண்டிய காரணங்கள் வேறு: அது பிடித்து வைத்திருக்கும் கரி, அது திருப்பி அனுப்பும் மழை ஈரம், அதில் வாழும் உயிர்கள், அதை நம்பி வாழும் மக்கள். தவறான காரணத்துக்காகக் காட்டை நேசிக்கக் கற்றுக்கொடுத்தால், அந்தக் காரணம் உடையும் நாளில் நேசமும் உடைந்துவிடும்.

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்று எழுதும் மாணவர்கள் இன்றும் ஏராளம். கைடுகள் இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்து, வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் வரும் குழப்பம் இது. ஈஸ்டர் தீவின் கதையும் அப்படி: மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்துத் தங்களைத் தாங்களே அழித்துக்கொண்ட மக்கள் என்று பல நூல்கள் எழுதின. 2024-இல் வெளியான தொல்மரபணு ஆய்வு, அப்படி ஒரு மக்கள்தொகைச் சரிவு நடந்ததற்குச் சான்றில்லை என்றது. அறிவியலில் இப்படி நடப்பது இயல்பு. புத்தகம் அதை மாணவர்களிடம் மறைக்காமல் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது காடு வளர்ப்புப் பகுதி. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும், தரிசில் எல்லாம் மரம் நட வேண்டும் என்பதோடு முடிந்துவிடும். நீலகிரியின் உச்சியில் என்ன நடந்தது என்று ஒரு வரி இருக்காது. அங்கே பள்ளத்தாக்குகளில் சோலைக் காடும், மேட்டில் புல்வெளியுமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தது. மழையை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு மெல்ல விட்டது அந்தப் புல்வெளி. அது வரையாடுகளின் மேய்ச்சல் நிலம், தோடர்களின் எருமைகளுக்கும் அதுவே. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பிறகும் அதைப் பயனற்ற வெற்றிடம் என்று கருதி, சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கியது. இன்று வனத்துறை அந்த மரங்களை அகற்றப் பாடுபடுகிறது. மரம் நடுவதே ஒரு நிலத்தை அழிக்கலாம் என்று இந்தத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டோடு சொல்லும் பாடநூலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

யாரைக் குற்றம் சொல்கிறது?

ஒரு புத்தகத்தின் மனசாட்சி மக்கள்தொகை அலகில் இருக்கிறது. ‘மக்கள்தொகைப் பெருக்கமே எல்லாச் சுற்றுச்சூழல் கேடுகளுக்கும் மூல காரணம்’ என்ற வாக்கியம் அங்கே வருகிறதா பாருங்கள். அதைப் படிக்கும் மாணவர்கள் வாழும் தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8 என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று. மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான அளவைவிட அது குறைவு. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன். நிறையப் பிள்ளை பெற்ற ஏழைத் தாயின் மீது பழியைப் போட்டுவிட்டு, யார் எவ்வளவு எரிக்கிறார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப்போகும் அலகு, அறிவியலிலும் தப்பு, நியாயத்திலும் தப்பு.

பொதுச் சொத்து பற்றியும் பாருங்கள். 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன: பொது மேய்ச்சல் நிலத்தில் அவரவர் மாட்டை அவரவர் கூட்டிக்கொண்டே போவார்கள், நிலம் பாழாகும் என்ற வாதம். அதற்கு எலினார் ஆஸ்ட்ரம் தந்த பதில் பாதிப் புத்தகங்களில் இல்லை. மக்கள் கூடி விதி வகுத்துக் காட்டையும் நீரையும் மீன்வளத்தையும் காத்த ஊர்களை ஆராய்ந்து 1990-இல் நூலாக்கினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான். அவருடைய வாதத்துக்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் ஏரிப் பாசனம் இருக்கிறது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி, தண்ணீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சல், வரத்துக் கால்வாயைத் தூர்வார ஊரே இறங்கும் குடிமராமத்து. அதில் சாதி இருந்தது, ஏற்றத்தாழ்வு இருந்தது. நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமற்றவர்கள். அதையும் சேர்த்தேதான் எழுத வேண்டும்.

எந்த அலமாரியில் தேடுவது?

ஜி. டைலர் மில்லர் போன்றோரின் அமெரிக்க நூல்கள் அழகானவை, விளக்கத்தில் தெளிவானவை. ஆசிரியர் தன் தயாரிப்புக்குக் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். மாணவர் கையில் கொடுக்க விலையும் தடிமனும் இடம் தராது. இந்திய நூல்களில் பரூச்சாவின் நூல் பல்லுயிர்ப் பகுதியில் இன்றும் சிறந்தது. சட்டமும் எண்களும் உள்ள பக்கங்களைப் புதிய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர். ராஜகோபாலன் எழுதி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல் உண்மை நிகழ்வுகள் வழியாகப் பாடம் நடத்துகிறது. கலைப்பிரிவு மாணவர்களுக்கு என் தேர்வு அதுதான். பொறியியல் மாணவர்களுக்குக் கில்பர்ட் மாஸ்டர்ஸின் நூல் கணக்குப் போட்டுப் பழக நல்லது.

தமிழ்வழி மாணவர்கள் நிலைமைதான் கவலை. அவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலக் கைடின் அவசர மொழிபெயர்ப்புகள். ஆனால் பாடநூலுக்கு வெளியே தமிழில் சூழலியல் எழுத்து வளமாகவே இருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள், மா. கிருஷ்ணன் தமிழில் எழுதியவை, நக்கீரனின் ‘நீர் எழுத்து’, பூவுலகின் நண்பர்கள் கொண்டுவந்த நூல்கள் என்று ஒரு வகுப்பின் நூலக அலமாரியை நிறைக்கலாம். அலகுக்கு ஒரு கட்டுரை வீதம் இவற்றிலிருந்து படிக்கவைத்தால், மொழிபெயர்ப்புக் கைடின் கரடுமுரடு ஓரளவு சமன்படும். ஒரு காலத்தில் கல்லூரிப் பாடநூல்களை நூற்றுக்கணக்கில் தமிழில் கொண்டுவந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம், இந்தப் பாடத்துக்கு ஒரு மூல நூலைத் தமிழிலேயே எழுதவைத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவும்.

அதுவரை கல்லூரிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு நல்ல பொதுப் பாடநூலிலும் உங்கள் மாவட்டம் இருக்காது. அதற்கு நாற்பது பக்கத் துணைநூல் ஒன்றைக் கல்லூரியே எழுதிக்கொள்ளலாம். ஊரின் ஆறு எங்கே பிறந்து எங்கே சேர்கிறது, எத்தனை ஏரிகள் இருந்தன, குப்பைக் கிடங்கு எங்கே, அதைப் பற்றி என்ன வழக்கு நடக்கிறது, சுற்றுவட்டாரத்தில் என்ன தொழிற்சாலை, அதற்கு எந்த நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். தாவரவியல் ஆசிரியர் செடிகளை எழுதட்டும், வரலாற்றாசிரியர் ஏரிகளை எழுதட்டும், பொருளியல் ஆசிரியர் தொழிலை எழுதட்டும். மாணவர்களின் களப்பணி அட்டவணைகள் ஆண்டுதோறும் அதில் சேரட்டும். ஒரே கிணற்றை ஒரே மாதத்தில் ஐந்து பேட்ச் மாணவர்கள் அளந்திருந்தால், அந்தக் கிணற்றைப் பற்றி ஊராட்சி அலுவலகத்திலும் இல்லாத ஓர் ஆவணம் கல்லூரியில் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புக்கொண்டால் போதும். இணைவுக் கல்லூரியால் பல்கலைக்கழகப் பாடத்தைத் தொட முடியாது. ஆனால் அக மதிப்பெண் அதன் கையில்தான் இருக்கிறது, அதைக் களப்பணிக்குத் தருவதை யாரும் தடுக்கப்போவதில்லை.